கிரீட் தீவு: கடற்கரைகளும் பார்க்க வேண்டிய இடங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீஸ் என்றதும் சாண்டோரினியின் வெள்ளை வீடுகளும் நீலக் குவிமாடங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டும், பிள்ளைகளை மணலில் விளையாட விட வேண்டும், பழைய ஊர்களில் நடக்க வேண்டும், மலைப்பாதையிலும் ஒரு நாள் போக வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் கிரீட்டைத்தான் சொல்கிறேன். சொன்ன உடனே கேள்விகள் வருகின்றன, பெரும்பாலும் அதே கேள்விகள். அவற்றைப் பதில்களோடு இங்கே சேர்த்திருக்கிறேன். டிக்கெட் விலை, படகுக் கட்டணம் போன்றவை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் பெரும்பாலும் விட்டுவிட்டேன்.

நான்கு நாளில் தீவு முழுவதையும் சுற்றிவிடலாமா?

முடியாது. கிரேக்கத் தீவுகளிலேயே பெரியது கிரீட். பரப்பு சுமார் 8,300 சதுர கிலோமீட்டர். கிழக்கிலிருந்து மேற்காக 260 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அகலம் அதிகபட்சம் 60 கிலோமீட்டர். இயராபெத்ராவுக்கு அருகில் வெறும் 12 கிலோமீட்டராகக் குறுகிவிடுகிறது. அகலம் குறைவுதானே என்று வரைபடத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மேற்கே வெள்ளை மலைகள், நடுவில் 2,456 மீட்டர் உயரமான சிலோரிதிஸ், கிழக்கே திக்தி என்று மூன்று மலைத்தொடர்கள் தீவின் முதுகெலும்பாக நிற்கின்றன. வடகரை ஓரமாக ஒரு நெடுஞ்சாலை இருக்கிறது. தென்கரைக்குப் போக வேண்டுமென்றால் மலை ஏறி இறங்கத்தான் வேண்டும். வரைபடத்தில் விரற்கடை அளவு தெரியும் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

நான்கு நாள் என்றால் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பத்து நாள் இருந்தால் இரண்டு இடங்களில் தங்கிப் பிரித்துக்கொள்ளலாம். வடகரையின் நடுவிலுள்ள ஹெராக்ளியானில் அறை எடுத்துவிட்டு தினமும் தென்மேற்கு முனையின் எலஃபோனிசிக்கும் கிழக்கு முனையின் வாயிக்கும் போய் வருவோம் என்று திட்டம் போடுபவர்கள், விடுமுறையைக் காருக்குள்தான் கழிப்பார்கள்.

அப்படியானால் மேற்கா, கிழக்கா?

பெயர் பெற்ற கடற்கரைகள் மேற்கில் இருக்கின்றன: எலஃபோனிசி, பாலோஸ், ஃபலசார்னா. அவற்றுக்கு ஹானியா நகரம் வசதி. அங்கே விமான நிலையமும் இருக்கிறது. முதல் முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு மேற்குக்கே. கிழக்கில் அயியோஸ் நிகொலாவோஸ், எலூந்தா, ஸ்பினலோங்கா, லசிதி பீடபூமி. வடகரையில் ரிசார்ட்டுகள் நெருங்கியிருக்கும் பகுதிகளைத் தாண்டிவிட்டால் சித்தியா பக்கம் அமைதியாக இருக்கும். தொல்லியல்தான் முதன்மை என்பவர்கள் நடுவில், ஹெராக்ளியானில், இரண்டு இரவு தங்கிவிட்டுப் பிறகு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகரலாம். ரெத்திம்னோ ஹானியாவுக்கும் ஹெராக்ளியானுக்கும் இடையில் இருப்பதால் இரண்டுக்கும் பொதுவாகத் தோன்றும். ஆனால் அங்கிருந்து எலஃபோனிசி போய்வர ஒரு முழு நாள் போய்விடும்.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர் பிற்பகுதியும் அக்டோபர் முற்பகுதியும். கோடை முழுதும் சூடேறிய கடல் அப்போது 23, 24 பாகையில் இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். ஆகஸ்டில் கடல் இன்னும் சூடுதான். ஆனால் ஐரோப்பாவே அங்கே வந்திருக்கும்.

ஏப்ரல், மே மாதப் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்ற குடும்பங்களுக்கு மே பிற்பகுதியைச் சொல்வேன். மலைகளில் பூ பூத்திருக்கும், வெயில் இதமாக இருக்கும். கடல் மட்டும் 20 பாகையை ஒட்டியே இருக்கும். நம் ஊர்க் கடலில் இறங்கிப் பழகியவர்களுக்கு முதல் அடி வைக்கும்போதே உடம்பு சிலிர்க்கும். ஏப்ரலில் குளிக்கும் எண்ணமே வேண்டாம். அது நடப்பதற்கும் பழைய இடங்களைப் பார்ப்பதற்கும் உரிய மாதம். நவம்பர் முதல் மார்ச் வரை ரிசார்ட்டு ஊர்களில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஹானியாவும் ஹெராக்ளியானும் எப்போதும் உயிரோடு இருக்கும் நகரங்கள்.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் பல ஆண்டுகளில் நாம் அறிந்த ஈஸ்டரின் தேதியில் வருவதில்லை. 2027இல் அது மே 2. அந்த வாரம் அழகானது. அறை கிடைப்பதுதான் கடினம்.

காற்று அதிகம் என்கிறார்களே?

கிரீட் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு விஷயம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எந்தக் கடற்கரை சிறந்தது என்ற கேள்விக்கு அங்கே நிரந்தரமான பதில் கிடையாது. இன்றைக்குக் காற்று எங்கிருந்து வீசுகிறது என்பதுதான் பதில்.

கோடையில், முக்கியமாக ஜூலை, ஆகஸ்டில், ஈஜியன் கடல் மேல் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று அடிக்கும். வானம் தெளிவாக இருக்கும், வெயில் பளீரென்று அடிக்கும், காற்று மட்டும் இரண்டு மூன்று நாள் விடாமல் வீசும். அப்போது வடகரையில் அலை எழும்பி, கடற்கரைகளில் சிவப்புக் கொடி ஏறிவிடும். மேற்குக் கரையில் ஃபலசார்னாவும் கொந்தளிக்கும். பாலோஸ் படகுகள் நின்றுபோவதும் அப்படிப்பட்ட நாட்களில்தான்.

உடனே தென்கரைக்கு ஓடிவிடலாம் என்று நினைப்பது பாதிதான் சரி. தென்கரையில் கடல் தட்டையாகவே இருக்கும். ஆனால் மலை இடுக்குகளின் வழியே இறங்கும் காற்று சில இடங்களில் இன்னும் வேகம் பிடித்துவிடும். பிளாக்கியாஸ், ஃபிராங்கோகாஸ்தெல்லோ போன்ற இடங்களில் மணல் காலில் ஊசி குத்துவதைப் போல அடிக்கும். காற்றடைத்த மிதவைப் படுக்கையோடு பிள்ளைகளைக் கடலில் விடவே கூடாது. வடகாற்று அதைக் கரையைவிட்டு வெளியேதான் தள்ளிக்கொண்டு போகும்.

இதற்கெல்லாம் விடை தெரிந்த ஊர் ஒன்று உண்டு: தென்மேற்கில் இருக்கும் பாலியோஹோரா. ஊர் ஒரு சிறு முனையின் மேல் அமைந்திருக்கிறது. மேற்கே மணற்கரை, கிழக்கே கூழாங்கல் கரை. ஒரு பக்கம் காற்றடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபக்கத்துக்கு ஐந்து நிமிடம் நடந்தால் போதும். கடற்கரைக்காகவே கிரீட் போகிறவர்கள் இரண்டு இரவாவது அங்கே தங்குவது நல்லது.

வேறு எங்கே தங்கினாலும் முந்தைய இரவு காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 3 வரை என்றால் எங்கும் போகலாம். 5 என்றால் திட்டத்தை மாற்றத் தயாராக இருங்கள். 6ஐத் தாண்டினால் அருங்காட்சியகத்துக்குப் போகும் நாள்.

எலஃபோனிசியின் இளஞ்சிவப்பு மணல் உண்மையா?

உண்மைதான், ஆனால் படங்களில் காட்டும் அளவுக்கு இல்லை. ஓட்டில் சிவப்பு நிறம் கொண்ட நுண்ணுயிரிகள் சில அந்தக் கடலில் வாழ்கின்றன. அவற்றின் ஓடுகள் நொறுங்கி வெள்ளை மணலோடு கலப்பதால் அந்த நிறம் வருகிறது. தண்ணீர் ஓரத்தில் கோடு கோடாகத் தெரியும்; கடற்கரை முழுவதும் ரோஜா நிறமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மணலை அள்ளிக்கொண்டு வருவதற்குத் தடை இருக்கிறது. ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும் என்பதை யோசித்தாலே காரணம் புரியும்.

நிறத்தை விடுங்கள். எலஃபோனிசியின் உண்மையான சிறப்பு அதன் ஆழமின்மை. கரைக்கும் எதிரே இருக்கும் சிறு தீவுக்கும் இடையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். நீச்சல் தெரியாதவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இதைவிடத் தோதான இடம் தீவில் அரிது. ஹானியாவிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். வளைந்து நெளியும் மலைப்பாதை, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. சுற்றுலா பஸ்கள் பதினொரு மணிவாக்கில் வந்து நிற்கத் தொடங்கும். ஒன்பதுக்குள் அங்கே இருங்கள், அல்லது நான்கு மணிக்குப் பிறகு போங்கள். நடுப்பகலில் குடைகளுக்கு நடுவே மணலைத் தேட வேண்டியிருக்கும்.

பாலோஸுக்குப் படகா, காரா?

படகு. கலிவியானி ஊரைத் தாண்டி பாலோஸுக்குப் போகும் வழி கரடுமுரடான மண் பாதை. அதில் போனால் வாடகைக் காரின் காப்பீடு பெரும்பாலும் செல்லாது. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து நீண்ட படிப்பாதையில் கீழே இறங்க வேண்டும். இறங்குவது எளிது. உச்சி வெயிலில் பெற்றோரை மேலே ஏற்றிக் கூட்டி வரும்போதுதான் தெரியும். ஆனால் உச்சியிலிருந்து தெரியும் காட்சி அலாதி. பச்சையும் நீலமும் வெள்ளையும் கலந்த அந்த உப்பங்கழியின் புகழ்பெற்ற படங்கள் எல்லாம் அங்கிருந்து எடுத்தவைதான்.

கிஸ்ஸமோஸ் துறையிலிருந்து கிளம்பும் படகு வழியில் கிராம்வூசா தீவில் நிற்கும். அங்கே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், அப்போது கிரீட்டை ஆண்ட வெனிஸ்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. ஏறிப் பார்க்கலாம். அலை வாட்டும் என்பவர்கள் மாத்திரையை மறக்க வேண்டாம்.

ஃபலசார்னாவில் என்ன விசேஷம்?

மேற்கு பார்த்த நீண்ட மணற்கரை. சூரியன் நேராகக் கடலில் இறங்கும். ஆனால் நான் அங்கே போகச் சொல்வது வேறு காரணத்துக்காக. கடற்கரையின் வடகோடிக்கு அப்பால் பழைய ஃபலசார்னாவின் துறைமுகம் இருக்கிறது, தரையில்! தண்ணீர் வற்றிப் போகவில்லை. நிலம்தான் மேலே வந்துவிட்டது. கி.பி. 365இல் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கம் மேற்குக் கிரீட்டை ஒரேயடியாக மேலே தூக்கியது, சில இடங்களில் 9 மீட்டர் வரை. அதே நடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை எகிப்தின் அலெக்சாந்திரியாவைத் தாக்கியது. சுனாமியைப் பார்த்த நமக்கு அந்தக் காய்ந்த துறைமுகத்தின் நடுவில் நிற்பது வெறும் சுற்றுலாவாக இருக்காது. தென்மேற்குக் கரையோரப் பாறைகளில் பழைய கடல்மட்டம் தலைக்கு மேலே ஒரு கோடாக ஓடுவதைப் படகில் போகும்போது பார்க்கலாம்.

கூட்டம் குறைவான கடற்கரைகள்?

ஹோரா ஸ்ஃபாக்கியோனுக்கும் லூத்ரோவுக்கும் இடையில் கிளிக்கா நேரா. மலையிலிருந்து மண்ணுக்கடியில் வரும் நன்னீர் கூழாங்கற்களின் நடுவே ஊறி வருகிறது. கடலை ஒட்டிக் கையால் ஒரு குழி தோண்டினால் குளிர்ந்த குடிநீர் சுரக்கும். கார் போகாது. நடந்தோ படகிலோதான் போக வேண்டும். லூத்ரோவுக்கும் சாலை கிடையாது. வெள்ளை வீடுகளும் நீல ஜன்னல்களுமாக ஒரு சிறு குடா. சாண்டோரினி ஆசை உள்ளவர்களுக்கு அதுவே போதும்.

நடுப்பகுதியின் தென்கரையில் கோம்மோஸ் நீண்ட மணற்கரை. பக்கத்திலேயே கிரீட்டின் வெண்கலக் கால நாகரிகமான மினோவன் காலத்துத் துறைமுகத்தின் எச்சங்கள். அருகிலுள்ள மாதலாவின் பாறைக் குகைகள் ரோமானியர் காலத்தில் கல்லறைகளாக இருந்தவை. 1960களில் ஹிப்பிகள் வந்து குடியேறியதால்தான் ஊரின் பெயர் உலகுக்குத் தெரிந்தது. இன்று அது கூட்டமான இடம்தான். கோம்மோஸில் குளித்துவிட்டு மாலையில் மாதலாவை ஒரு நடை பார்த்தால் போதும்.

பனைமரக் கடற்கரை என்கிறார்களே, அது எது?

அப்படி இரண்டு இருக்கின்றன. கிழக்கு முனையில் வாயி. ஐரோப்பாவில் இயற்கையாக வளர்ந்த பனைத்தோப்புகளில் அதுதான் பெரியது. அந்த மரம் நம் பனை அல்ல, ஈச்சை இனம். கடற்கொள்ளையர் தின்று துப்பிய கொட்டையில் முளைத்தவை என்று கதை சொல்வார்கள். மரமோ கிரீட்டின் சொந்த இனம். பழமும் தின்ன உதவாது. கொள்ளையர் பாவம்.

மற்றது தென்கரையில் பிரெவெலி. ஆழமான பள்ளத்தாக்கின் வழியே வரும் ஆறு ஈச்சமரங்களுக்கு நடுவே ஓடிக் கடலில் சேர்கிறது. 2010இல் தீயில் தோப்பின் பெரும்பகுதி கருகியது. பிறகு மரங்கள் தாமாகவே துளிர்த்துவிட்டன. படிகள் அதிகம். இரண்டில் ஒன்று என்றால் எனக்குப் பிரெவெலிதான். ஆற்றில் ஒரு முழுக்கு, கடலில் ஒரு முழுக்கு. ஆற்று நீர் உறைய வைக்கும்.

நீச்சல் தெரியாது. கடல் ஆபத்தா?

காற்றில்லாத நாளில் நம் கடலைவிட எத்தனையோ சாது. ஏற்றவற்றம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. தண்ணீர் அடிவரை தெரியும். உப்பு அதிகம் என்பதால் உடம்பு எளிதாக மிதக்கும். ஏமாற்றுவது அதுதான். ரெத்திம்னோ, யோர்யூபோலி போன்ற வடகரையின் நீண்ட மணற்கரைகளில் அலை எழும் நாளில் அடியிழுப்பு வலுவாக இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலும் கால் வாரிவிடும். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாக் கடற்கரையிலும் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. அவசரத்துக்கு எண் 112.

பாறை உள்ள இடங்களில் கடல் முள்ளெலி இருக்கும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு இறங்கினால் முள் குத்தாது, கூழாங்கல்லும் உறுத்தாது.

என்ன உடை? வீட்டுப் பெண்கள் சங்கடப்படுவார்களா?

யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அது ஒரு நிம்மதி. சில கரைகளில் மேலாடை இன்றியும், ஒதுக்குப்புறமான மூலைகளில் உடையே இன்றியும் வெயில் காய்பவர்கள் உண்டு. பெற்றோரோடு போகிறவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. முழுக்கை நீச்சல் மேற்சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு இறங்கினால் ஏன் என்று கேட்பார் இல்லை. வெயிலுக்கும் அதுவே நல்லது. பருத்திச் சுடிதாரோடு மட்டும் இறங்க வேண்டாம். நனைந்தால் கனத்து இழுக்கும்.

தேவாலயங்களிலும் மடங்களிலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் ஆண்களுக்கும் உதவும்.

குடையும் சாய்வு நாற்காலியும் எடுக்காமல் உட்கார விடுவார்களா?

விட்டே ஆக வேண்டும். கிரேக்கச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. 2023 கோடையில், நாற்காலிகள் கரையை விழுங்கிவிட்டன என்று உள்ளூர் மக்கள் பாரோஸ் தீவில் துண்டை விரித்துப் போராடினார்கள். போராட்டம் மற்ற தீவுகளுக்கும் பரவியது. 2024இல் விதிகள் கடுமையாயின: கரையில் பாதியாவது காலியாக இருக்க வேண்டும், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 70 விழுக்காடு. தண்ணீரிலிருந்து 4 மீட்டர் வரை எதுவும் போடக் கூடாது. உங்கள் துண்டை விரித்து உட்காருங்கள். நிழல்தான் கிடைக்காது, குடை ஒன்றைக் கடையில் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

கடல் ஆமைகளைப் பார்க்க முடியுமா?

ரெத்திம்னோ, ஹானியா கரைகளிலும் கோம்மோஸ் பக்கத்திலும் பெருந்தலை ஆமைகள் கோடையில் முட்டையிட வருகின்றன. கூடுகளின் மேல் சிறு கூண்டு வைத்து அடையாளமிட்டிருப்பார்கள். அவற்றை நகர்த்தாதீர்கள், பக்கத்தில் குடை ஊன்றாதீர்கள், இரவில் டார்ச் அடித்துக்கொண்டு அலையாதீர்கள். பார்ப்பதற்காகத் தேடிப் போகாமல் இருப்பதே ஆமைகளுக்குச் செய்யும் உதவி.

க்னோசோஸ் அரண்மனை பார்க்கத் தகுந்ததா? பாதி புதிதாகக் கட்டியது என்கிறார்களே?

இரண்டும் உண்மை. ஹெராக்ளியானிலிருந்து 5 கிலோமீட்டர். நகரப் பஸ்ஸே போகிறது. 1878இல் மினோஸ் கலோகெரினோஸ் என்ற உள்ளூர்க்காரர்தான் அங்கே முதலில் தோண்டினார். புகழ் முழுவதும் 1900இல் வந்த ஆங்கிலேயர் ஆர்தர் எவான்ஸுக்குப் போனது. மினோவன் நாகரிகம் என்ற பெயரைப் பரப்பியவரும் அவர்தான். தோண்டியதோடு நிற்காமல் கான்கிரீட் ஊற்றித் தூண்கள் நிறுத்தினார், மாடி எழுப்பினார், ஓவியங்களைத் துண்டுகளிலிருந்து ஊகித்து முழுமையாக்கச் சொன்னார். இன்று நாம் பார்க்கும் சிவப்புத் தூண்கள் 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 'லில்லிப்பூ இளவரசர்' என்று புகழ்பெற்ற ஓவியம் வெவ்வேறு உருவங்களின் துண்டுகளை ஒட்டியதாக இருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

தொல்லியலாளர்களுக்கு எவான்ஸ் மேல் கோபம். எனக்கு அந்த அளவுக்கு இல்லை. மொட்டைச் சுவர்களை மட்டும் பார்த்துவிட்டு ஒரு பிள்ளையால் நான்கு மாடி அரண்மனையைக் கற்பனை செய்ய முடியாது. எது பழையது, எது எவான்ஸ் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் இரண்டுமே வரலாறுதான். முதலில் ஹெராக்ளியான் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சுவரோவியங்களின் அசல்கள், காளை தாண்டும் ஓவியம், பாம்புகளை ஏந்திய தெய்வம் எல்லாம் அங்கே இருக்கின்றன. க்னோசோஸில் இருப்பவை பிரதிகள். 1908இல் கிடைத்த ஃபைஸ்தோஸ் வட்டும் அங்கேதான். களிமண்ணில் முத்திரையாக அழுத்திய அதன் குறிகளை இன்றுவரை யாரும் படிக்கவில்லை. க்னோசோஸ் களிமண் பலகைகளில் இருந்த லீனியர் பி என்ற பழைய எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தார். அவர் தொழிலால் கட்டடக் கலைஞர்! அதற்கு முந்தைய லீனியர் ஏ இன்னும் பிடிகொடுக்கவில்லை.

கான்கிரீட் இல்லாத அரண்மனை வேண்டும் என்றால் ஃபைஸ்தோஸ் போங்கள். மெசரா சமவெளியைப் பார்த்த குன்று, கூட்டமும் குறைவு. வழியில் கோர்தினாவில், கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் சுவரில் பொறித்த சட்டத் தொகுப்பு இருக்கிறது. ஒரு வரி வலமிருந்து இடம், அடுத்த வரி இடமிருந்து வலம் என்று மாறி மாறி ஓடுகிறது.

எங்கே போனாலும் கதவு திறக்கும் நேரத்தில் போங்கள். க்னோசோஸில் நிழல் குறைவு.

சமரியா பள்ளத்தாக்கில் எல்லோராலும் நடக்க முடியுமா?

16 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம், ஐந்து முதல் ஏழு மணி நேரம். ஓமலோஸில் 1,200 மீட்டருக்கு மேல் தொடங்கி, தென்கரையில் அயியா ரூமெலியில் முடிகிறது. ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியைப் பதம் பார்க்கும். பாதை முழுவதும் உருளும் கற்கள். 'இரும்பு வாயில்' என்ற இடத்தில் இரு பக்கமும் சுமார் 300 மீட்டர் உயரத்துக்குப் பாறைச் சுவர், நடுவில் மூன்று நான்கு மீட்டர் இடைவெளி. வழியில் சமரியா கிராமம். 1962இல் தேசியப் பூங்காவாக்கியபோது மக்களை வெளியேற்றினார்கள், வீடுகள் மட்டும் நிற்கின்றன. கிரி-கிரி என்ற காட்டாடு கண்ணில் படலாம்.

பூங்கா பொதுவாக மே தொடக்கத்திலிருந்து அக்டோபர் வரை திறந்திருக்கும். மழைக்கும் கடும் வெப்பத்துக்கும் மூடிவிடுவார்கள். கீழே போனால் சாலை கிடையாது. சூயாவுக்கோ ஹோரா ஸ்ஃபாக்கியோனுக்கோ படகு, அங்கிருந்து பஸ். கடைசிப் படகைத் தவறவிட்டால் அயியா ரூமெலியில்தான் இரவு. அதனால் சொந்தக் காரில் போகாமல் ஹானியாவிலிருந்து பஸ்ஸில் போவது புத்திசாலித்தனம். முட்டிவலிக்காரர்கள் படகில் அயியா ரூமெலிக்குப் போய், இரும்பு வாயில்வரை மேல்நோக்கி நடந்து திரும்பலாம்.

ஸ்பினலோங்கா?

கட்டாயம் போங்கள். எலூந்தாவுக்கு அருகிலுள்ள பிளாக்காவிலிருந்து பத்து நிமிடப் படகுப் பயணம். 1579இல் வெனிஸ்காரர்கள் கோட்டை கட்டினார்கள். கிரீட் முழுவதும் 1669இல் ஒட்டோமான்களிடம் போன பிறகும் இந்தச் சிறு தீவு 1715 வரை பிடிகொடுக்கவில்லை. 1903 முதல் 1957 வரை தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த இடம். அனுப்பப்பட்டவர்கள் அங்கே கடை வைத்தார்கள், திருமணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். மருந்து வந்த பிறகுதான் குடியிருப்பு மூடியது. வழிகாட்டியோடு போனால் வெறும் இடிந்த சுவராகத் தெரியாது. தொப்பி வேண்டும்.

சைவம் மட்டும் சாப்பிடுவோம். பட்டினியா?

கிரீட்டில் சைவர்களுக்குச் சிக்கல் இல்லை, கேட்கத் தெரிந்தால். 'லாதெரா' என்று கேளுங்கள்: ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த காய்கறி வகைகளுக்கு அதுதான் பொதுப்பெயர். வெண்டைக்காய்கூட உண்டு. அடுத்து, பெரிய வெள்ளை மொச்சை போட்ட கீகாந்தெஸ், அரிசி அடைத்த தக்காளி கெமிஸ்தா, வேகவைத்த கீரை ஹோர்தா. ஃபாவா நம்முடைய பருப்புக் கடையலின் ஒன்றுவிட்ட தம்பி. பார்லி ரொட்டியின் மேல் தக்காளியும் புதுப் பாலாடைக்கட்டியும் வைக்கும் தாக்கோஸ், ஹானியாவின் உருளைக்கிழங்குச் சுரைக்காய்ப் பூரேக்கி, தேன் ஊற்றிய ஸ்ஃபாக்கியா அடை ஆகிய மூன்றையும் விட வேண்டாம்.

பாலும் முட்டையும் வேண்டாம் என்பவர்களுக்கு 'நிஸ்தீசிமோ' என்ற சொல் கைகொடுக்கும். நோன்புக்கால உணவு என்று பொருள். ஆனால் ஓர் எச்சரிக்கை: நோன்பில் கணவாய்க்கும் இறாலுக்கும் தடை இல்லை! தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பழமோ இனிப்போ, ராக்கி என்ற சாராயம் ஒரு சிறு குப்பியோ கேட்காமலே வரும். கணக்கில் சேராது. கார் ஓட்டுபவர் கிண்ணத்தைத் தள்ளி வைப்பது நல்லது.

கார் இல்லாமல் சமாளிக்கலாமா?

வடகரை நகரங்களுக்கிடையே தாராளமாக. கேடெல் என்ற வெளியூர்ப் பஸ்கள் நேரத்துக்கு ஓடுகின்றன. பருவத்தில் ஹானியாவிலிருந்து எலஃபோனிசிக்கும் சமரியாவுக்கும் பஸ் உண்டு. தென்கரையில் இஷ்டப்படி சுற்றவும் காற்றைப் பார்த்து அன்றன்றைக்கு முடிவெடுக்கவும் கார் வேண்டும்.

இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். வண்டிகள் வலப்பக்கம் போகும். வடகரை நெடுஞ்சாலையில் மெதுவாகப் போகிறவர் ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு மேல் ஒதுங்கி, பின்னால் வருபவருக்கு வழிவிடுவது அங்கே எழுதாத சட்டம். முதலில் திகிலாக இருக்கும். மலைப்பாதையில் வளைவுக்கு அந்தப் பக்கம் ஆட்டுமந்தை நிற்கிறது என்று நினைத்துக்கொண்டே ஓட்டுங்கள். பல நேரம் நிற்கும்.

விசா, விமானம்?

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் ஐரோப்பிய நாடுகளில் கிரீஸும் ஒன்று. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளுக்கு விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ, பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஏதென்ஸிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பிரேயஸ் துறையிலிருந்து இரவுக் கப்பலில் ஏறினால் காலையில் ஹெராக்ளியானிலோ ஹானியாவுக்கு அருகிலுள்ள சூதாவிலோ விழிக்கலாம். ஓர் இரவு ஓட்டல் செலவும் மிச்சம்.

ஒரே நாளில் சாண்டோரினி போய்வரலாமா?

ஹெராக்ளியானிலிருந்து வேகப் படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். போய்வரலாம்தான். துறைமுகத்தில் காத்திருப்பு, மேலே ஏறப் பஸ், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே சந்தில் என்று நாள் ஓடிவிடும். சூரியன் மறைவதற்கு முன்பே பெரும்பாலும் படகு திரும்பிவிடும். போவதென்றால் ஓர் இரவு தங்குங்கள்.

யாரும் சொல்லாத சின்ன விஷயங்கள்?

கழிப்பறையில் காகிதத்தைப் பீங்கானுக்குள் போடக் கூடாது, பக்கத்துக் கூடையில் போட வேண்டும், குழாய்கள் குறுகலானவை. கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் குழாயும் இருக்காது, ஒரு கோப்பை எடுத்துப் போங்கள். பிற்பகல் மூன்று முதல் ஐந்தரை வரை கோடையில் ஊர் தூங்கும், சத்தம் போடுவது மரியாதையல்ல. ஓட்டலில் இரவுக்கு இவ்வளவு என்று ஒரு காலநிலை வரி தனியாகக் கேட்பார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அறைக்கு 2 யூரோவிலிருந்து ஐந்து நட்சத்திர ஓட்டலில் 15 யூரோ வரை. முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் அது சேர்ந்திருக்காது.

கடைசி நாள் விமானம் மாலையில்தான். என்ன செய்வது?

ஹெராக்ளியானிலிருந்து கிளம்புவதென்றால், கூலெஸ் கோட்டையிலிருந்து அலைதடுப்புச் சுவர் மேல் ஒரு நீண்ட நடை, பிறகு மொரோசினி நீரூற்றுக்கு எதிரே உட்கார்ந்து பாலாடை அடைத்த புகாத்சா என்ற மடிப்புப் பலகாரம். கடல்தான் வேண்டும் என்றால் நகரை ஒட்டியே மேற்கில் அமூதாரா இருக்கிறது. கடற்கரையில் நன்னீர்க் குழாய்களும் உண்டு. ஈர உடைக்கு ஒரு பிளாஸ்டிக் பையை மறக்காமல் கைப்பையில் வையுங்கள்.